பலூன் ஒருமுறை போதவில்லை: இனி அம்மாவுக்கு ஒப்பரேஷன்தானா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 52. நான்கு வருடமாகச் சோறும் பிட்டும் நெஞ்சுக்குள் அடைக்கின்றன. முதல் இரண்டு வருடம் கேஸ்ட்ரைட்டிஸ் என்று குளிசை கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அகலேசியா, அதாவது உணவுக்குழாயின் அடி வாய் திறக்காத நோய், என்று கண்டுபிடித்தார்கள். போன வருடம் அந்த இடத்தைப் பலூன் வைத்து விரித்ததில் எட்டு மாதம் சுகம், இப்போது மறுபடியும் அடைப்பு. 61 கிலோ இருந்தவர் 47 கிலோவுக்கு வந்துவிட்டார். இரவில் இருமல். வைத்தியசாலையில் ஒப்பரேஷன் செய்யலாம் என்கிறார்கள். ஊரில் ஒருவரோ, "குழாயையே வெட்டி எடுத்துவிடுவார்கள், பிழைப்பது கஷ்டம். இந்தியாவில் வெட்டாமல் வாய் வழியாகச் செய்யலாம், 18 இலட்சம் போதும்" என்கிறாராம். அப்பா வயலை ஈடு வைக்கத் தயாராக நிற்கிறார்.

மகள், அப்பாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: வயல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. வாய்க்காலில் மடை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் விழுங்கும்போது அது திறக்க வேண்டும். அதைத் திறக்கச் சொல்கிற நரம்புகள் செத்துப்போனதால் மடை இறுகிக் கிடக்கிறது, தின்றதெல்லாம் மேலே தேங்குகிறது. செத்த நரம்பை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது. பலூன், ஒப்பரேஷன், வாய் வழிச் சிகிச்சை எல்லாமே அந்த மடையைத் தளர்த்துகிற வழிகள்தான். எதைச் செய்தாலும் அம்மா இனி நிமிர்ந்து இருந்து, நன்றாக மென்று, இடையிடையே தண்ணீர் குடித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். "முழுக்கக் குணமாக்கித் தருகிறோம்" என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உங்களைப் பயமுறுத்தியவர் இரண்டு ஒப்பரேஷன்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். அம்மாவுக்குப் பெரும்பாலும் சொல்லியிருப்பது மடைத் தசையை மட்டும் நீளவாக்கில் கீறி விடுவது. 1913இல் ஜேர்மனியில் ஹெல்லர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்து காட்டியது. இப்போது வயிற்றில் நாலைந்து சிறு துளை போட்டு, கமரா விட்டுச் செய்கிறார்கள். குழாய் அதே இடத்தில்தான் இருக்கும். இரைப்பையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் மடித்துத் தைத்து, புளித்த நீர் மேலே ஏறாமல் ஒரு தடுப்பும் வைப்பார்கள். சில நாளில் வீட்டுக்கு வரலாம். குழாயை எடுத்துவிடுகிற பெரிய ஒப்பரேஷனும் உண்டுதான். அது பல வருடம் கவனிக்காமல் விட்டு, குழாய் பாம்பு போல வளைந்து பை மாதிரி ஆனவர்களுக்கு, மற்றெதுவும் பயன் தராதபோது. கிளினிக்கில் இந்த ஒரு வசனத்தைக் கேளுங்கள்: "தசையைக் கீறுவதா, குழாயை எடுப்பதா?" இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காததால்தான் சனம் புரோக்கரிடம் போகிறது, அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பலூன் தோற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அளவுப் பலூன்? வழக்கமாக 30 மில்லிமீற்றரில் தொடங்கி, தேவைப்பட்டால் 35, 40 என்று படிப்படியாகப் போவார்கள். முதல் படியோடு நின்றுவிட்டு "சரிவரவில்லை" என்று சொல்வது அவசரம். 2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் இரண்டு வருட முடிவில் பலூனால் சுகப்பட்டவர்கள் 86 சதவீதம், ஒப்பரேஷனால் 90 சதவீதம்; பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பலூன்காரர்களுக்கும் படிப்படியாகத்தான் விரித்தார்கள். ஆண்களுக்கும் நாற்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் பலூன் அவ்வளவு நிலைக்காது. அம்மா இரண்டிலும் இல்லை. ஆனால் விரிக்கும்போது குழாய் கிழியும் ஆபத்து நூற்றில் ஓரிருவருக்கு உண்டு, ஆகவே அவசர ஒப்பரேஷன் வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும்.

வாய் வழிச் சிகிச்சை பொய்யான ஒன்றில்லை. யப்பானில் இனோவே என்ற வைத்தியர் 2008இல் தொடங்கியது. குழாயின் உட்தோலுக்கு அடியால் போய் அதே தசையைத்தான் கீறுகிறார்கள். வெளியில் தழும்பு இல்லை என்பதால் "வெட்டாமல்" என்று விற்கிறார்கள். அதில் அந்த மடித்துத் தைக்கிற தடுப்பு கிடையாது. புளிப்பு மேலே ஏறுவது கூடுதல், பலர் நீண்டகாலம் குளிசை போட வேண்டிவரும். இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

இந்தப் புரோக்கர்களைப் பற்றி எழுதாமல் என்னால் விட முடியாது. வார்ட் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் நின்று ஃபைலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். "பெரிய டொக்டர் பார்த்துவிட்டார், உடனே வரச் சொல்கிறார்" என்பார்கள். அழுத்தப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் எந்த டொக்டரும் இந்த நோய்க்கு வழி சொல்ல முடியாது, மகள். மூக்கால் மெல்லிய குழாய் விட்டு, விழுங்கும்போது எங்கே எவ்வளவு இறுகுகிறது என்று அளப்பது அது. அகலேசியாவில் மூன்று வகை. மூன்றாவது வகையில் குழாயே இழுத்துப் பிடிக்கும், அதற்கு நீளமாகக் கீற வேண்டும், அங்கே வாய் வழிதான் மேல். முதல் இரண்டு வகைக்கும் எதுவும் பொருந்தும். அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். எல்லா வைத்தியசாலையிலும் அந்தக் கருவி இல்லை. கொழும்புக்கு அனுப்பினால் இரவு ரயிலேறிப் போய் வாருங்கள். அந்தச் செலவு வேறு, 18 இலட்சம் வேறு. சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் திரும்ப அடைத்தால் புரோக்கர் தொலைபேசியை எடுக்கமாட்டார். அம்மா வந்து நிற்கப்போவது இங்குள்ள கிளினிக் வரிசையில்தான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அகலேசியா போலவே வேஷம் போடுகிற புற்றுநோய் ஒன்று இருக்கிறது. இரைப்பை வாயில் வளர்ந்து மடையை நெருக்கும். பேரியம் குடிக்கவைத்து எடுக்கிற எக்ஸ்ரே படத்தில், அகலேசியாவில் தெரிகிற அதே கிளி மூக்குக் கூர் தெரியும். அறுபதைத் தாண்டியவர், அடைப்பு தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர், கிடுகிடுவென்று மெலிந்தவர் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அம்மாவுக்கு நான்கு வருடக் கதை, ஆகவே வாய்ப்புக் குறைவு. ஆனாலும் 14 கிலோ சின்ன விஷயமில்லை. வெற்றிலை பாக்கு புகையிலை போடுகிறவரா? எங்கள் பக்கத்தில் அம்மாமார் பலர் போடுகிறார்கள், அதுவும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஒரு வழி. ஒரு வருடத்துக்கு முந்திய எண்டோஸ்கோப்பியை வைத்துக்கொண்டு ஒப்பரேஷனுக்குப் போகாதீர்கள். திரும்ப ஒருமுறை கமரா விட்டு, இரைப்பைக்குள்ளிருந்து மேலே திரும்பிப் பார்த்து, சந்தேகமென்றால் சதைத் துண்டும் எடுக்கட்டும்.

இதெல்லாம் பார்த்த பிறகு என் கருத்து: அம்மாவுக்கு ஒப்பரேஷன் நல்ல தெரிவு, பயப்படத் தேவையில்லை. அடுத்த படிப் பலூனும் நியாயமானதே, ஆனால் இந்த நிறையும் இரவு இருமலும் இருக்கும்போது மாதக்கணக்காகத் திகதி தள்ளிப்போக விடக்கூடாது. காலையில் தலையணையில் சோற்றுப் பருக்கை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தேங்கிய சாப்பாடு தூக்கத்தில் மேலே வருகிறது, சுவாசப்பைக்கும் போகக்கூடும் என்று அர்த்தம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள், இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கு முன் முடியுங்கள், கிளினிக்கில் இதைச் சொல்லித் திகதியை முன்னுக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எண்டோஸ்கோப்பியோ ஒப்பரேஷனோ, "இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பிட வேண்டாம்" என்று மற்றவர்களுக்குச் சொல்வதையே அம்மாவுக்கும் சொல்லக்கூடும். அது போதாது. முந்தாநாள் சாப்பிட்ட சோறுகூட அந்தக் குழாயில் கிடக்கலாம், மயக்கத்தில் அது சுவாசப்பைக்குள் இறங்கும். இரண்டு நாளுக்கு முன்பிருந்தே திரவ உணவாகத்தான் கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்க வருகிற டொக்டரிடம், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மாவுக்கு அகலேசியா, சாப்பாடு தேங்கி நிற்கும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.