பேய்க் காதலுக்கு ஏன் எப்போதும் ஒரு புறநகர்த் தெரு?

"சின்ன பட்ஜெட்டில் வரும் டீன் ஏஜ் அமானுஷ்யக் காதல் படங்கள் எல்லாம் ஏன் ஏதாவது ஒரு புறநகர்க் குடியிருப்பிலேயே நடக்கின்றன? காசு இல்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். காசும் ஒரு காரணம். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பதில்தான்.

முதலில் என் சொந்தக் கதை. சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். பள்ளி மாணவி ஒருத்திக்கும் பக்கத்து வீட்டில் இறந்துபோன பையனுக்கும் காதல். கதை, வசனம் அடியேன். பையன் எப்படிச் செத்தான், ஏன் திரும்பி வந்தான், யார் கண்ணுக்குத் தெரிவான், யார் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதியிருந்தேன். பையன் முகத்தில் வெள்ளைப் பவுடர் வேறு. எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தபோது ஒருத்தருக்கும் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஒரே ஒரு ஷாட்டில் மட்டும் அறை அமைதியானது. அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், தெருவின் மறுகோடியிலிருந்து யாரோ ஒருவர் நேராக கேமராவை நோக்கி நடந்து வருகிறார். எங்கள் ஆள் இல்லை. வாக்கிங் கிளம்பிய யாரோ ஒருவர், ஷூட்டிங் நடப்பதைக் கவனிக்காமல் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டார். என் மூன்று பக்கம் செய்யாததை அந்த மனிதர் பத்து விநாடியில் செய்துவிட்டார்.

அப்புறம்தான் 'இட் ஃபாலோஸ்' படத்தை மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். டேவிட் ராபர்ட் மிட்செல் இயக்கியது, 2014 கான் திரைப்பட விழாவில் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. செலவு சுமார் 13 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. வசூல் 2 கோடி டாலரைத் தாண்டியது. கதை நடப்பது டெட்ராய்ட்டின் புறநகரில். ஜே என்ற பெண் ஒருவனோடு நெருக்கமாக இருக்கிறாள். அதன் பிறகு ஏதோ ஒன்று அவளைத் தேடி நடந்து வரத் தொடங்குகிறது. ஓடாது. பறக்காது. வெறுமனே நடக்கும். எந்த மனித உருவத்திலும் வரும், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. அவள் இன்னொருவனோடு சேர்ந்தால் அது அவனைத் துரத்தப் போய்விடும். அது அவனைக் கொன்றுவிட்டால் திரும்ப இவளிடமே வரும். அவ்வளவுதான். அது என்ன, எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை ஒரு வார்த்தை கிடையாது.

அதில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி இருக்கிறது. ஜே ஒரு பழைய மாணவனைப் பற்றி விசாரிக்கப் போகிறாள். கேமரா நின்ற இடத்திலேயே மெதுவாக முழு வட்டம் சுற்றுகிறது. நடைவழி, அலுவலகம், ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் யாரோ நடந்து வருவது தெரிகிறது. கேமரா நகர்ந்துவிடுகிறது. அடுத்து அந்தப் பக்கம் வரும்போது அந்த உருவம் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது. யாரும் அலறவில்லை, யாரும் சுட்டிக்காட்டவும் இல்லை. அதன் பிறகு படம் முழுக்க நாம் கதாபாத்திரங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருக்கும் தெருவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

புறநகர் ஏன் என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நெரிசலான நகரத் தெருவில் ஒருவர் நடந்து வந்தால் நம் கண்ணில்கூடப் படமாட்டார். காட்டில் வந்தால் உடனே தெரிந்துவிடும். அமெரிக்கப் புறநகர் இரண்டுக்கும் நடுவில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947-இல் நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் கட்டப்பட்ட காலத்திலிருந்து, அந்தக் குடியிருப்புகள் காரை நம்பியே எழுந்தவை. அச்சில் வார்த்த மாதிரி வீடுகள், அகலமான தெரு, வெட்டிவிட்ட புல்வெளி. அங்கே பெரியவர்கள் காரில் போவார்கள், காரில் வருவார்கள். தெருவில் நடப்பவர்கள் இரண்டே வகை: லைசென்ஸ் வாங்கும் வயது வராத பிள்ளைகள், அப்புறம் பேய். இரண்டு பேருக்கும் அந்த ஊரில் போக இடமில்லை, இரண்டு பேரும் இரவில்தான் வெளியே வருகிறார்கள். சந்தித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்?

இதற்குக் கூடுதல் செலவு எதுவுமில்லை என்பது தயாரிப்பாளருக்கு லாபம். சொந்தக்காரர் வீட்டை இரண்டு வாரம் கேட்டு வாங்கலாம், தெருவிளக்கு வெளிச்சத்திலேயே பாதிப் படத்தை எடுத்துவிடலாம். ஆனால் மிட்செல் கையில் இன்னும் பத்து மடங்கு பணம் இருந்திருந்தாலும் இந்தக் கதைக்கு வேறு இடம் தேடியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயம் பெற்றோர். 'இட் ஃபாலோஸ்' படத்தில் ஜேயின் அம்மா இருக்கிறார், ஆனால் முகம் பதியும்படி காட்டவே மாட்டார்கள். முதுகு தெரியும், கை தெரியும். பிள்ளைகளின் நன்மைக்காகவே என்று சொல்லிக் கட்டிய ஊர், அதில் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் விழித்திருப்பதில்லை. படத்தில் யாரா என்ற தோழி, சின்ன வயதில் எட்டு மைல் சாலைக்குத் தெற்கே போகக் கூடாது என்று தன்னை வளர்த்ததைச் சொல்வாள். நகரத்தையும் புறநகரையும் பிரிக்கும் கோடு அது. எந்தப் பக்கம் ஆபத்து என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்களோ அந்தப் பக்கத்திலிருந்து அது வரவில்லை என்பதை அந்த நான்கு வரி வசனம் ஓசைப்படாமல் சொல்லிவிடுகிறது. புறநகர் டிராமா என்று தனியாக ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை, இதுதான் அது.

சரி, காதல் எங்கே என்று கேட்பீர்கள். அதற்கு 'லெட் தி ரைட் ஒன் இன்' படத்துக்குத்தான் போக வேண்டும். தாமஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கிய ஸ்வீடன் படம், 2008. நியூயார்க்கின் ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் சிறந்த கதைப் படத்துக்கான விருதும் வாங்கியது. ஸ்டாக்ஹோம் புறநகரான பிளாக்கெபெர்க்கில் 1980களின் தொடக்கத்தில் நடக்கிறது. திரைக்கதையும் மூல நாவலும் யோன் அய்விடே லிண்ட்குவிஸ்ட் எழுதியவை. அவர் வளர்ந்த ஊரே அதுதான். இங்கே தனி வீடுகள் இல்லை, பனி மூடிய அடுக்குமாடிகள். 12 வயது ஆஸ்கர் பள்ளியில் தினமும் அடி வாங்குகிறவன். பக்கத்து வீட்டுக்கு ஏலி குடிவருகிறாள். அவளுக்கும் 12 வயதுதான், ஆனால் வெகுகாலமாக 12. இருவரும் நடுச்சுவரைத் தட்டி மோர்ஸ் குறியில் பேசிக்கொள்கிறார்கள். (டீன் ஏஜ் என்பதற்கு ஒரு வயது குறைவு. மன்னித்துவிடுங்கள்.)

ஏலி ஒரு ரத்தக்காட்டேரி. ரத்தக்காட்டேரி பற்றிய பழைய விதி ஒன்று உண்டு: வீட்டுக்காரர் உள்ளே வா என்று சொல்லாமல் அது உள்ளே வர முடியாது. எத்தனையோ படங்களில் அது கதவருகே நடக்கும் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். இங்கே ஆஸ்கர், வாய்விட்டுக் கூப்பிடாமல் வந்தால் என்ன ஆகும் என்று வீம்புக்குக் கேட்கிறான். கையை ஆட்டி, வா பார்க்கலாம் என்கிற மாதிரி. ஏலி பதில் சொல்லாமல் உள்ளே வந்து நிற்கிறாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் உடம்பு நடுங்குகிறது, கண்ணிலும் காதிலும் தலைமுடிக்குள்ளிருந்தும் ரத்தம் கசிகிறது. அவன் பதறிப்போய், உள்ளே வரலாம் என்று சொல்லி அவளைக் கட்டிக்கொள்கிறான். உன் விளையாட்டுக்காக நான் சாகக்கூட நிற்பேன் என்று அவள் சொல்லவில்லை, நின்று காட்டினாள். முதல் காதலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்த கொடுமை அது: இவள் எவ்வளவு தூரம் தாங்குவாள் என்று சோதித்துப் பார்ப்பது.

என் கட்சி இதுதான். நல்ல படத்தில் அமானுஷ்யம் ஒரே ஒரு விதியாகத்தான் இருக்கும், அந்த விதி முதல் காதலில் ஏற்கெனவே இருக்கிற ஒரு வலியாக இருக்கும். காதலையே நோய் என்று அழைத்த மொழி நம்முடையது. ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றி, ராத்திரி தூங்கவிடாமல் துரத்துவது என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏலியாக நடித்த லீனா லியாண்டர்சனின் குரலை மாற்றி, சற்றே கனத்த வேறொரு பெண்ணின் குரலைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கும்போது எனக்கு அது தெரியாது. ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பவுடர் பூசியதற்குப் பதில் நாங்கள் இதை யோசித்திருக்கலாம். இன்னொன்று, இந்தப் படத்தில் வசனம் மிகக் குறைவு. 2009-இல் அமெரிக்காவில் டிவிடி வந்தபோது திரையரங்கில் இருந்த சப்டைட்டிலைச் சுருக்கித் தட்டையாக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொதித்துப்போய்ப் பழையதே வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். பேச்சு குறைந்த படத்தில் ஒரு சொல் போனாலும் தெரிந்துவிடும்.

குறையே இல்லாத படமா என்றால் இல்லை. பூனைகள் ஒரு பெண் மேல் பாயும் காட்சி இருக்கிறது. கம்ப்யூட்டர் பூனைகள். படத்தில் கிராஃபிக்ஸ் வெளிப்படையாகத் தெரியும் இடம் அதுதான், ஆகச் சகிக்காத இடமும் அதுதான்.

அதே 2008-இல், ஒரு மாத இடைவெளியில், காட்டேரிப் பையனைக் காதலிக்கும் பள்ளி மாணவியின் கதையான 'ட்விலைட்' வந்தது. அதைக் கிண்டல் செய்வது எளிது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் முதல் பாகத்தை இயக்கிய கேத்தரின் ஹார்ட்விக் 'தர்ட்டீன்' என்ற சுயாதீனப் படம் எடுத்து வந்தவர். நீலம் பாய்ந்த பள்ளிக்கூடக் காட்சிகளிலும், அப்பாவும் மகளும் என்ன பேசுவதென்று தெரியாமல் நிற்கும் வீட்டுக் காட்சிகளிலும் அந்தக் கை தெரியும். படம் சரிவது எங்கே என்றால், காட்டேரிகள் வெயிலில் மின்னவும், இடிமழையில் பேஸ்பால் ஆடவும் தொடங்கும்போது. விதிகள் கூடக் கூட வலி குறைந்துவிடுகிறது. சாகாமல், மூப்பில்லாமல், பணக்காரக் குடும்பத்தில் சேர்வதில் அந்தப் பெண் அப்படி எதைத்தான் இழக்கப்போகிறாள்?

புறநகர் இல்லாமலும் இது முடியும் என்பதற்கு ஒரு படம்: ஆனா லில்லி அமிர்பூர் எடுத்த 'ஏ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்', 2014. கருப்பு வெள்ளை, பாரசீக மொழி, ஆனால் எடுத்தது கலிஃபோர்னியாவில் டாஃப்ட் என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில். சாதர் என்ற நீளமான கருப்பு அங்கி போர்த்திய காட்டேரிப் பெண் ஸ்கேட்போர்டில் போகிறாள். மாறுவேட விருந்திலிருந்து டிராகுலா உடையில், போதையில் வழிதவறி வந்த பையன் தெருவிளக்கை வெறித்துக்கொண்டு நிற்கிறான். அவனை அதே ஸ்கேட்போர்டில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். பாட்டு ஓடுகிறது. அவன் மெல்ல மெல்ல அவள் பக்கம் வருகிறான், அவள் அவன் தலையைப் பின்னுக்குச் சாய்க்கிறாள், கழுத்து தெரிகிறது. கடிக்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துக்கொள்கிறாள். ஆக, தெரு காலியாக இருக்க வேண்டும், நடப்பவர் இரண்டு பேர் மட்டும் இருக்க வேண்டும். புறநகர் என்ற பெயர்ப்பலகை கட்டாயமில்லை.

'ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்' (கனடா, 2000) பார்க்காதவர்கள் பாருங்கள். அது காதலைவிட அக்கா தங்கைக் கதை, அக்கா பெரியவளாகும் இரவில் ஓநாய்மனிதன் கடித்துவிடுகிறது. ஜேன் ஷோன்ப்ரூன் எடுத்த 'ஐ சா தி டிவி க்ளோ' (2024) எனக்குப் பிடித்த அளவுக்கு உங்களுக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம். அதில் பேய் என்பது சனிக்கிழமை இரவு பத்தரைக்கு வரும் ஒரு டிவி தொடர். தூங்கும் நேரம் தாண்டிவிடும் என்பதால் ஓவன் என்ற பையனால் பார்க்க முடியாது. அதே பள்ளியில் படிக்கும் மேடி என்ற பெண் அதைப் பதிவு செய்து, பள்ளியில் ஃபோட்டோ கழுவும் இருட்டறையில் கேசட்டை வைத்துவிட்டுப் போவாள். இரண்டு பேருக்கும் இடையில் இருப்பது காதல்தானா என்று படம் சொல்லாது. ஆனால் அந்த இருட்டறையில் கேசட்டை எடுக்கும் கையில் இருக்கிற தவிப்பு, எத்தனையோ முத்தக் காட்சிகளில் இல்லை.

எங்கள் குறும்படத்துக்கு என்ன ஆயிற்று என்றால், இறந்த பையனை மொத்தமாக வெட்டிவிட்டோம். நடித்த நண்பன் இரண்டு மாதம் பேசவில்லை. பெண்ணும் வாசற்படியும் தெருவும் மட்டும் மிஞ்சின, கூடவே அந்த வாக்கிங் மனிதர். அவர் அனுமதி இல்லாமல் போடக் கூடாதே என்று அதே நேரத்துக்கு மூன்று நாள் போய் நின்று அவரைப் பிடித்து, ஃபோனில் போட்டுக் காட்டினோம். இரண்டு தடவை பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தால் கொஞ்சம் வேகமாக நடந்திருப்பேனே" என்றார்.