லாரிக் அமிலச் சோப்பு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ‘லாரிக் அமிலம் நிறைந்தது’ என்று அச்சடித்த சோப்பு, சாதாரண சோப்பைவிட மூன்று மடங்கு விலை. அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: அந்த ஒரு வரிக்காகக் கொடுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் 45 முதல் 53 சதவீதம் வரை லாரிக் அமிலம்தான். எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பில் எடுக்கும் எண்ணெயிலும் ஏறக்குறைய அதே அளவு உண்டு. கடையில் கிடைக்கும் பெரும்பாலான சோப்புகளில் பாமாயிலோடு இந்த இரண்டில் ஒன்று சேர்ந்தே இருக்கும். நுரை வர அதுதான் வேண்டும். பாமாயிலை மட்டும் போட்டால் கட்டி உறுதியாக இருக்கும், நுரை மந்தமாக வரும்.

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘சோடியம் கோக்கோயேட்’ என்றால் தேங்காய் எண்ணெய், ‘சோடியம் பாம் கெர்னலேட்’ என்றால் பனைக்கொட்டை எண்ணெய், ‘சோடியம் பாமேட்’ என்றால் பாமாயில். அதிகம் உள்ளது முன்னால் வரும். தேங்காய்ச் சோப்பு என்று பெயர் வைத்துவிட்டு கோக்கோயேட்டைக் கடைசி வரிசையில் போட்டிருந்தால், கொடுக்கும் காசு படத்துக்குத்தான்.

அடுத்து டி.எஃப்.எம். அளவு, அதாவது சோப்பிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருள். இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தர டாய்லெட் சோப்பில் இது குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்தில் 70, மூன்றாம் தரத்தில் 60. ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். அந்த வகைக் கட்டி சோப்புப்பெட்டியில் சீக்கிரம் கரைந்து கொழகொழத்துப் போக இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சோடியம் லாரில் சல்பேட்டும் லாரிக் அமிலச் சோப்பும் ஒன்றா?

பதில்: இல்லை. அது லாரில் ஆல்கஹாலிலிருந்து செய்யும் டிடர்ஜென்ட். ஷாம்பூ, பற்பசையில் நுரைக்காகச் சேர்ப்பது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உண்டாவது சோடியம் லாரேட். அது சோப்பு.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் எந்தச் சோப்பும் நுரைக்கவில்லை. வீட்டிலேயே தேங்காய் எண்ணெயில் செய்தால் நுரைக்குமா?

பதில்: மற்ற சோப்பைவிட நன்றாகவே நுரைக்கும். லாரிக் சோப்பு தண்ணீரில் எளிதில் கரையும்; கடல்நீரிலும் நுரைப்பதால் மாலுமிகள் தேங்காய் எண்ணெய்ச் சோப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் பக்கெட்டில் படியும் வெள்ளை அழுக்கு நிற்காது. அது தண்ணீரிலுள்ள கால்சியத்தின் வேலை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெறும் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு தோலின் எண்ணெய்ப்பசையையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் காஸ்டிக்கைக் குறைத்து, ஐந்தில் ஒரு பங்கு எண்ணெயைச் சோப்பாகாமல் விட வேண்டும். 500 கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாகச் சுமார் 91 கிராம் காஸ்டிக் சோடா தேவை. நீங்கள் போட வேண்டியது 73 கிராம். தண்ணீர் 165 கிராம். மூன்றையும் எடை போடுங்கள், டம்ளர் கணக்கு இங்கே உதவாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் கொட்டுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, திறந்த ஜன்னல் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்துவிடும், எவர்சில்வரில் செய்யுங்கள். காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும் கலந்து, கரண்டியால் விட்ட கோடு மேலே நிற்கும் பதம் வந்ததும் அச்சில் ஊற்றுங்கள்.

இந்தச் சோப்பு வேகமாக இறுகும். கெட்டியானதும், இளஞ்சூடு இருக்கும்போதே வெட்டுங்கள். மறுநாள் வரை விட்டால் கத்தி பட்ட இடமெல்லாம் உதிரும். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் உலரட்டும். பலர் சறுக்குவது எண்ணெயை மாற்றும்போது: 500 கிராம் நல்லெண்ணெய்க்கு முழுக் கணக்கே சுமார் 67 கிராம் காஸ்டிக்தான். அதே 73 கிராமைப் போட்டால் மிச்சக் காஸ்டிக் தோலைப் பொசுக்கும்.

கேள்வி: லாரிக் அமிலத்துக்காகத் தினமும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கலாமா? கிருமிகளைக் கொல்லுமாமே?

பதில்: லாரிக் அமிலமும் அதிலிருந்து வரும் மோனோலாரினும் ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாக்களைக் கொல்வது உண்மை. எண்ணெய் குடித்தால் உடம்புக்குள்ளும் அதே நடக்கும் என்பதற்கு அது சான்றாகாது. கொழுப்புக் கணக்கோ தெளிவாக இருக்கிறது: ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு நாளுக்குச் சுமார் 22 கிராம். 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவை 100 மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் கூட்டியது. நல்ல கொழுப்பான எச்.டி.எல். கூடியது 4 மட்டுமே. தாளிக்க, அவியலுக்கு ஊற்ற ஊற்றுங்கள். மருந்தாகக் குடிக்காதீர்கள், அதுவும் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: தலைக்கு?

பதில்: தலைக்கு நல்லதுதான். லாரிக் அமில மூலக்கூறு சிறியது, நேரானது; அதனால் தேங்காய் எண்ணெய் முடிக்குள் புகுந்து, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது. மினரல் ஆயில் அப்படிப் புகாது. குளிப்பதற்கு முன் தடவினால் போதும். பொடுகு இருந்தால் மட்டும் இரவு முழுக்க ஊறவிடாதீர்கள்; பொடுகோடு தொடர்புடைய மலசீசியா பூஞ்சைக்கு இந்தக் கொழுப்பே தீனி.