பழைய ஜீப்பை வாங்கி வீட்டு ஷெட்டில் சீரமைக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நீலகிரியில் எஸ்டேட் வேலைக்கு ஓடிய மகிந்திரா சி.ஜே.-3பி ஜீப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது பெயின்ட், புது டயர். நன்றாக இழுக்கிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது, வண்டியில் இருப்பதோ டீசல் இன்ஜின். வாங்கி வீட்டிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவரலாமா?

இப்போதைய நிலையில் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. இன்ஜினை மாற்ற ஆர்.டி.ஓ.வின் அனுமதி வேண்டும், மாற்றியதை ஆர்.சி.யிலும் ஏற்ற வேண்டும். இது நடக்காத வண்டிக்கு எஃப்.சி. கிடைக்காது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே காரணமாகிவிடும். விற்பவரே தன் செலவில் ஆர்.சி.யைச் சரிசெய்து தரட்டும், அதன் பிறகு விலை பேசுங்கள்.

இன்னொன்று, பழைய ஆர்.சி. புத்தகமாக மட்டும் இருக்கும், அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி நம்பரே வராது. வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'பேக்லாக் என்ட்ரி' போட்டால்தான், அதாவது பழைய புத்தக விவரத்தைக் கணினியில் ஏற்றினால்தான், பெயர் மாற்றவே முடியும். அதையும் விற்பவர் பொறுப்பில் விடுங்கள். படிவம் 29, 30-இல் கையெழுத்து, வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, கடன் இருந்திருந்தால் படிவம் 35. இவை கைக்கு வராமல் முழுப் பணம் தரக் கூடாது.

காகிதம் சரியென்றால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெயின்டைப் பார்த்து விலை சொல்வார்கள், நீங்கள் சேஸிஸைப் பார்த்து விலை கேளுங்கள். இந்த ஜீப்புக்குப் புது பாடியே கட்டி வாங்கிவிடலாம், இன்ஜின் சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். ஆனால் நம்பர் பொறித்த சேஸிஸ் போனால் வண்டியே போன மாதிரி. முன் ஸ்பிரிங் ஹேங்கர், பாடி உட்காரும் இடங்கள், பின் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றையும் சின்ன சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும். உள்ளே துரு தின்ற இடத்தில் 'டப்' என்று அடங்கிய சத்தம் வரும், செதில் கொட்டும். பிறகு முன்பக்க இடது ஸ்பிரிங் போல்ட்டிலிருந்து பின்பக்க வலது ஸ்பிரிங் போல்ட்டுக்கும், முன்பக்க வலதிலிருந்து பின்பக்க இடதுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சேஸிஸ் வளைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். சேஸிஸ் நம்பரைச் சுற்றி வெல்டிங் தடமோ கிரைண்டர் கீறலோ தெரிந்தாலும் அப்படியே திரும்பிவிடுங்கள்.

பாடியில் பட்டி எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று பார்க்க, மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் போதும். அது பிடிக்காமல் வழுக்கும் இடமெல்லாம் பட்டிதான். தரையிலும் வீல் ஆர்ச்சிலும் அப்படி இருந்தால் அதற்குரிய டிங்கரிங் கூலியை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் சி.ஜே.-3பி பெட்ரோல் ஜீப் பல வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். துருப்பிடித்த சிலிண்டரில் ஸ்டார்ட்டர் மோட்டார் வேகமாக இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 30 மில்லி இன்ஜின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி நாலைந்து நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டு மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றிக் காத்திருங்கள், குழாய் மாட்டி நெம்பாதீர்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே சுற்றி, பம்ப் வழியாக ஆயில் மேலே ஏற விடுங்கள்.

டேங்கில் உள்ள பெட்ரோல் பிசினாகியிருக்கும், முழுவதும் வடித்துவிடுங்கள். டேங்க் ஓட்டையென்றால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கிறது, ஆள் போய்விடும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்காது, ஊறிப் பிளக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார்ட் ஆக வேண்டிய அளவுகள்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளி 0.5 மி.மீ., பிளக் 0.75 மி.மீ., ஃபயரிங் வரிசை 1-3-4-2. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், நான்கிலும் ஒரே அளவாக 100 பி.எஸ்.ஐ. வந்தால் அது ஓடும் இன்ஜின். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. சி.ஜே.-3பி-யின் பெட்ரோல் இன்ஜினான ஹரிக்கேனில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கின்றன. சி.ஜே.-3பி-யின் பானெட் உயர்ந்து நிற்பதும் இந்த உயரமான இன்ஜினால்தான். ஹெட்டை மட்டும் பட்டறைக்கு அனுப்பி 'வால்வு வேலை முடிந்தது' என்று சொன்னால் நம்பாதீர்கள், பாதி வேலை பிளாக்கிலேயே இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கையில் வால்வுக்கு விட வேண்டிய டேப்பட் இடைவெளி இன்லெட்டுக்கு 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 அங்குலம்.

கேள்வி: எங்கள் சி.ஜே.-3பி பெட்ரோல் இன்ஜினை லேத் பட்டறையில் ரீபோர் செய்து (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) புது பிஸ்டன் போட்டோம். 400 கி.மீ.க்குள் நீலப் புகை. 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

புது ரிங் உட்காரச் சில நூறு கி.மீ. ஆகும் என்பது உண்மை. ஆனால் நாளுக்கு நாள் புகை கூடினால் அது உட்காரும் ரிங் அல்ல. கம்ப்ரெஷன் எடுத்து எழுதி வையுங்கள். பிறகு வேறொரு பட்டறையில் திறந்து, போர் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளக்கச் சொல்லி, எழுத்தில் வாங்குங்கள். இந்த இன்ஜினின் ஸ்டாண்டர்டு போர் 3.125 அங்குலம், பிஸ்டனுக்கு விட வேண்டிய இடைவெளி சுமார் 0.003 அங்குலம். பெரும்பாலும் தவறு நடப்பது ஒரே இடத்தில்: பிஸ்டன் வருமுன்பே '20 ஓவர்சைஸ்' (0.020 அங்குலம் பெரிது) என்று போர் போட்டுவிடுவார்கள். டப்பாவில் 20 என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பிஸ்டன் அந்த அளவில் இருக்குமென்று சொல்ல முடியாது. பிஸ்டனைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதை அளந்த பிறகே போர் போடச் சொல்ல வேண்டும்.

கூலி வாங்கிச் செய்த வேலை என்பதால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாடு. முதலில் பட்டறைக்குப் பதிவுத் தபாலில் கடிதம், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது இல்லாவிட்டால் ஜிபே கணக்கும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். வண்டியை ஒரு தனிநபரிடம் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இந்த வழி கிடையாது. வியாபாரமாக விற்பவர்மீதுதான் ஆணையத்துக்குப் போக முடியும்.

கேள்வி: பட்ஜெட் குறைவு. முதலில் இன்ஜினா, பெயின்டா?

பிரேக். சி.ஜே.-3பி-யில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சர்க்யூட்தான். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ஹோஸ்கள், லைனர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பைப்புக்குச் செம்பு வேண்டாம், 3/16 அங்குல ஸ்டீல் குழாய் வாங்கி, முனையை விரித்து இரட்டையாக மடிக்கும் டபுள் ஃப்ளேர் அடியுங்கள். டாட்-3 ஆயில் ஊற்றி, குழாய் நீளமாகப் போகும் சக்கரத்திலிருந்து ஏர் எடுங்கள். பழைய ஜீப்புகளில் இடதுபக்க வீல் நட்டு சிலவற்றில் இடது மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்), அதைத் தெரியாமல் ஏறி மிதித்து ஸ்டட்டை முறிப்பவர்கள் நிறைய. ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸிலிருந்து முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் டிரம்மில் பிடிக்கிறது. அங்கே ஆயில் சீல் கசிந்தால் லைனர் நனைந்து, மேட்டில் நிறுத்திய வண்டி உருளும். சீலை மாற்றாமல் லைனரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: 1960-களின் ஜீப்புக்கு விண்டேஜ் பதிவு வாங்கினால் லாபமா?

தினமும் ஓட்ட நினைத்தால் நஷ்டம். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் நிலையில் உள்ள வண்டிக்குத்தான் 'விஏ' நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் போய்வர வேண்டும் என்றால் படிவம் 25 கொடுத்துச் சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். எஃப்.சி.க்குப் போகும் முன் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.