பேராதனையில் வாங்கும் ஆர்க்கிட்டைத் திருச்சிக்குக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு திருச்சியிலிருந்து இலங்கை போகிறோம். பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டு, ஒரு ஆர்க்கிட் செடி வாங்கிவர ஆசை. எங்களுக்கு ஏற்பாடாகியிருக்கும் வேன் ஓட்டுநர், ‘சான்றிதழோடு மலிவாக நானே வாங்கித் தருகிறேன்’ என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். சுகாதாரச் சான்றிதழ் என்பது, அந்தச் செடியைப் பரிசோதித்து, பூச்சியோ நோயோ இல்லை என்று இலங்கை வேளாண்மைத் திணைக்களம் தருவது. ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தரும் முத்திரைத் தாளைத் திருச்சி விமான நிலையத்தில் நீட்டினால் செடியும் போகும், பணமும் போகும்.

அது உண்மையான சான்றிதழாகவே இருந்தாலும் போதாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இந்திய இறக்குமதி அனுமதியையும் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். எந்தச் செடி பிடிக்கும் என்பது போய்ப் பார்த்த பிறகுதானே தெரியும்? விதி எழுதியவர்கள் ஆசைப்பட்டு ஒரு செடிகூட வாங்கியதில்லை போலிருக்கிறது. ஆனாலும் காரணம் இருக்கிறது: பயிர் நோய்கள் நாடுவிட்டு நாடு பரவும். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட காப்பித் துருநோய், சீக்கிரமே நம் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ பன்னாட்டு உடன்படிக்கைக்குள் வருவதால் அதற்கென்று தனி அனுமதியும் வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. வியாபாரிகள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். மூடிய குடுவைக்குள், கூழ்போன்ற ஊட்டக் கலவையில், கிருமி நீக்கிய நிலையில் வளரும் திசு வளர்ப்புக் கன்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு சைட்டீஸ் அனுமதி தேவையில்லை. ‘குடுவைச் செடிக்கு எதுவுமே வேண்டாம்’ என்று வியாபாரி சொல்வது இதில் பாதியை மறைத்துத்தான். சுகாதாரச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் குடுவைக்கும் வேண்டும். மூடியைத் திறந்து தொட்டியில் நட்டுவிட்டால் அந்தச் சலுகையும் போயிற்று.

ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். கொழும்பு–கண்டிச் சாலையில் மாவனல்லைப் பக்கம் வரிசையாக ‘ஸ்பைஸ் கார்டன்’ (மசாலாப் பயிர்த் தோட்டம்) பலகைகள் வரும். அவை தனியார் கடைகள். நுழைவு இலவசம் என்பார்கள். எண்ணெயும் லேகியமும் விற்கும் விலையில் அழைத்துவந்தவரின் கமிஷனும் சேர்ந்திருக்கும். ‘பூங்கா பார்த்தாயிற்றே’ என்று உங்களை அங்கேயே திருப்பிவிடப் பார்ப்பார்கள். அசல் பூங்கா கண்டிக்குச் சற்று முன்னால், மகாவலி ஆறு மூன்று பக்கம் வளைந்தோடும் 147 ஏக்கர். வாசலில் நீங்களே டிக்கெட் எடுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி. தமிழில் கேட்டாலும் உள்ளூர் டிக்கெட் கிடைக்காது.

ஆர்க்கிட் இல்லத்தில் பிடித்த செடியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வாருங்கள். டென்ட்ரோபியம், வாண்டா என்ற ஆர்க்கிட் வகைகளின் கலப்பினங்கள் என்றால் இங்குள்ள நாற்றுப் பண்ணைகளிலேயே கிடைக்கும், அனுமதி ஏதும் இல்லாமல்.