ஆயுத பூஜையில் சூடம் காட்டச் சொல்கிறார்கள் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, லேத் பட்டறையில் இந்த வருடம் சூடம் காட்ட முதலாளி உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நம் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக மறுத்தால் திமிர் என்று நினைப்பாரோ என்று எழுதியிருந்தீர்கள். அச்சகத்தில் வேலை பார்த்தபோது எனக்கும் இதே நெருக்கடி வந்தது. பூஜை அன்று எல்லோர் முன்னாலும் மறுத்தேன். மறுத்தது சரி, மறுத்த நேரம் தவறு. மேஸ்திரி முகம் வாடியது இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் இரண்டு நாள் முன்னாடியே முதலாளியைத் தனியாகப் பாருங்கள். பைபிளில் தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், தன் விசுவாசத்துக்காக ராஜாவின் உணவு வேண்டாம் என்று தீர்மானித்த தானியேல் சண்டைக்குப் போகவில்லை. அதிகாரியிடம் வேண்டிக்கொண்டார், 10 நாள் சோதித்துப் பாருங்கள் என்றார். “மெஷினையெல்லாம் நானே துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன் அண்ணாச்சி, சூடம் மட்டும் வேறு யாராவது காட்டட்டும், என் விசுவாசத்துக்கு ஒத்துவராது” என்று சொல்லுங்கள்.

அப்புறம், படைத்த பொரி. கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 10). நான் கைகூப்பி மறுத்துவிடுவேன்.

தங்கள் விசுவாசத்தின் காரணமாக தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட கேரளத்து யெகோவாவின் சாட்சிகள் பிள்ளைகள் மூவருக்கு 1986-இல் உச்ச நீதிமன்றம் நியாயம் வழங்கியது. அவர்கள் பாடவில்லைதான், ஆனால் மரியாதையாக எழுந்து நின்றார்கள். நீங்களும் பூஜை நேரத்தில் காணாமல் போய்விடாதீர்கள், ஓரமாக அங்கேயே நில்லுங்கள்.