வில்லி பிட்

வணக்கம் சார்,

நீங்கள் வசனம் எழுதிய டிவி தொடருக்கு ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, செய்தவன். நினைவிருக்கலாம். ஒன்பது வருடம் கழித்து இப்போது அதை மறுஒளிபரப்பு செய்கிறார்கள். ராயல்டி கேட்டால், "எல்லா உரிமையும் அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டீங்களே தம்பி" என்கிறார்கள். கையெழுத்து என்னுடையதுதான். இதற்கு மேல் பேச ஏதாவது இருக்கிறதா?

ச., சாலிகிராமம்

அன்புள்ள ச.,

இருக்கிறது. 2012 ஜூனில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, அந்த ராயல்டியை நீங்களே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்குத் தரலாம், வசூலிக்கும் சங்கத்துக்குத் தரலாம், அவ்வளவுதான். உரிமையை வாங்கியவருக்கும் உங்களுக்கும் சரிபாதி. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் பேசியபோது, இது சினிமாப் பாட்டுக்கு மட்டும் என்றுதான் என் காதில் விழுந்தது. ஆனால் சட்டம் தரும் விலக்கு, படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடுவதற்கு மட்டும். சீரியல் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது?

பின் பணம் ஏன் வரவில்லை? அது தொலைவது பெரும்பாலும் எடிட்டிங் ரூமில்தான் என்பேன். முதல் மாதமே மொத்தமாக பிட்டுகள், அதாவது குட்டி இசைத் துண்டுகள், போட்டுக் கொடுத்தீர்கள். அழுகைக்கு நாலு, சதிக்கு ஆறு, மாமியார் திரும்பிப் பார்க்க மூன்று. அப்புறம் வருடக்கணக்கில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்து ஒட்டினார்கள். அந்த டிஸ்க் எங்கெல்லாம் போனதோ! உங்கள் வில்லி பிட்டை வேறொரு தொடரில் ஒரு மாமனாரின் மாரடைப்புக்குக் கேட்டேன். எந்த எபிசோடில் யாருடைய இசை எத்தனை விநாடி என்று எழுதிவைக்கும் கியூ ஷீட்டை நம் தொடரில் நான் பார்த்ததே இல்லை. வசனகர்த்தாவுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ சங்கங்கள் அந்தத் தாளை வைத்துத்தான் டிவி ராயல்டியைப் பிரிக்கின்றன. 2019 டிசம்பரில் டிஸ்கவரி நிறுவனம், இனி உள்நாட்டு ஒளிபரப்புக்கு ராயல்டி கிடையாது, பழைய நிகழ்ச்சிகளுக்கும் விட்டுக்கொடுங்கள் என்று இசையமைப்பாளர்களை நெருக்கியது. அவர்கள் கூடி எதிர்த்ததில் சில மாதங்களில் பின்வாங்கியது. நமக்கு இருப்பதுபோல் விட்டுக்கொடுக்கவே முடியாது என்ற சட்டம் அவர்களுக்கு இல்லை. ஆனால் எவ்வளவு போகப்போகிறது என்று காசு சுத்தமாகத் தெரிந்திருந்தது. நமக்குச் சட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை.

நம் ஊரில் இசை ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் சேர்ந்துவிட்டீர்களா? சேர்ந்தவர்களில் சிலர் டைட்டில் பாட்டை மட்டும் பதிந்துவிட்டு ஆர்.ஆரை மறந்துவிடுகிறார்கள். இன்னொரு சிக்கல், உரிமை சேனல் கையிலேயே இருந்தால் பணம் கட்ட வேண்டியவரும் பங்கு பிரிக்க வேண்டியவரும் ஒரே ஆள். அதற்கு வக்கீல் வேண்டும், நான் போதாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிடவில்லையே? மறுஒளிபரப்பைப் பதிவு செய்துகொண்டே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், முதல் எபிசோடிலிருந்து கியூ ஷீட்டை நாமே எழுதலாம். எந்த சீனில் யார் அழுதாள் என்பது எனக்கு நினைவிருக்கிறது.