அவங்கள் சொல்லுற காசுக்கு ஓமெண்டாதீங்கோ

தங்கச்சி, புரோக்கரை விட்டுப் பாலியல் தொழிலைத் தனியாச் செய்யத் தொடங்கி மூண்டு மாசம், "எவ்வளவு கேக்கிறதெண்டு தெரியாம, வாற ஆம்பிளையள் சொல்லுறதுக்கே ஓமெண்டுடுறன்" எண்டு எழுதியிருந்தீங்கள். நானும் அப்பிடித்தான் தொடங்கினனான்.

ஒருநாள் கொப்பியில எழுதிப் பாத்தன். ரூம் வாடகை, கொட்டாஞ்சேனையில இருந்து வெள்ளவத்தைக்குப் போய்வர ஓட்டோக் காசு, போன் ரீலோட், வீட்டுச் செலவு. மாதவிடாய், காய்ச்சல் எண்டு படுக்கிற நாளுக்கு ஆர் காசு தருவினம்? வேலை செய்யிற நாள்தான் அதையும் சுமக்கோணும். மாசச் செலவை உண்மையா வேலை செய்யிற நாளால பிரியுங்கோ. அதுதான் ஒரு நாளுக்குக் கையில வரவேண்டிய காசு. அதை வச்சு ஒராளுக்கு எவ்வளவெண்டு போட்டு, அதுக்குக் கீழ இறங்காதீங்கோ.

நீங்கள் விலை போடுறது உங்கட நேரத்துக்கு. போனிலேயே சொல்லி, உள்ள போனதும் எண்ணி வாங்குங்கோ. தெருவில நிண்டு பேசினா 1841 ஆம் ஆண்டு நாடோடிகள் கட்டளைச் சட்டத்தைக் காட்டிப் பொலிஸ் பிடிக்கும்.

"கொண்டோம் வேண்டாம், கூடத் தாறன்" எண்டா அது விலைப்பேச்சே இல்ல, போனை வையுங்கோ. கொழும்பு 10, டி சேரம் பிளேஸ் அரச கிளினிக்கில பாலியல் நோய்ப் பரிசோதனை இலவசம்.

பழைய ஆக்களுக்குப் புது விலையை ஒரு மாசம் முந்தியே சொல்லுங்கோ. ரெண்டு பேர் முறைப்பாங்கள், மிச்சப் பேர் வருவாங்கள்.